தண்ணீர் குடித்துவிட்டு ஏறிய விமானம்

டொராண்டோவுக்கு நான்தான் போகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் என் அண்ணன் செய்த முதல் காரியம், போனை எடுத்துத் தூரம் பார்த்தது. பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. அலுவலகம் போட்ட டிக்கெட்டில் வளைகுடா ஊர் ஒன்றில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். முதல் விமானம் நாலு மணி நேரம். இரண்டாவது பதினாலு.

"பதினாலு மணி நேரம்மா," என்றான் அண்ணன். "நடுவுல எங்கியும் எறங்க முடியாது. இன்னா பண்ணுவ நீ?"

"உக்காந்திருப்பேன்."

"அவ்ளோ நேரமா?"

"வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து நான் அதானே பண்றேன்? ஒக்கார்றதுல என்னை அடிச்சிக்க இந்த வீட்ல ஆளு இருக்கா?"

அண்ணி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. அவன் கேட்க வந்தது வேறு ஒன்று. அதை வாய்விட்டுக் கேட்க ஒரு அண்ணனுக்குக் கூச்சமாக இருந்தது. அம்மாவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்: "பாத்ரூமுக்கு இன்னாடி பண்ணுவ?"

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. அன்றிலிருந்து இரண்டு கால்களும் என் பேச்சைக் கேட்பதில்லை. வெளியே சக்கர நாற்காலியில் போவேன். பெங்களூரு தொம்மலூரில் எங்கள் வீட்டு வாசல் நாற்காலி நுழையாத அகலம் என்பதால், வீட்டுக்குள் தரையில் கையூன்றித்தான் நகர்வேன். அதில் எனக்கு நல்ல வேகம் உண்டு. டிவி ரிமோட்டை யார் முதலில் எடுப்பது என்ற போட்டியில் அண்ணன் மகள் இன்றுவரை என்னை ஜெயித்ததில்லை.

ஆக, அம்மா கேட்ட கேள்வி எனக்குப் புதிதல்ல. என் வாழ்க்கையில் எல்லாத் தூரத்தையும் நான் அந்தக் கேள்வியை வைத்துத்தான் அளந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் போகக்கூடிய கழிப்பறை இல்லை. அதனால் காலையில் எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். கல்லூரியிலும் அப்படித்தான். முதலில் வேலை பார்த்த இடத்தில், நாற்காலி படம் போட்ட கழிப்பறைக்குள் துடைப்பக் கட்டைகளையும் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். அதைக் காலி செய்ய வைக்க நான் எட்டு மாதம் சண்டை போட்டேன். அந்த எட்டு மாதமும் காய்ந்த நாக்கோடுதான் வேலை பார்த்தேன். விளைவு, சிறுநீரகத்தில் கல். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. இரண்டாவது முறை வலியில் சுவரைப் பிராண்டிக்கொண்டு கிடந்தபோது டாக்டர் என்னைத் திட்டினார். "தண்ணி குடிக்கறதுக்கு என்னம்மா கஷ்டம்?" அவர் அறை மாடியில் இருந்தது. லிப்ட் இல்லை. என்னைத் தூக்கிக்கொண்டுதான் போயிருந்தார்கள். அதையே பதிலாக வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

டொராண்டோ பயணம் எனக்குத் தானாக வரவில்லை. நான் மென்பொருள் சோதனைக் குழு ஒன்றை நடத்துகிறேன். எங்கள் வாடிக்கையாளர் அங்கே இருக்கிறார்கள். புதிய அமைப்புக்கு அவர்களை மாற்றும்போது ஆறு வாரம் உடனிருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த அமைப்பை முழுதாக அறிந்தவள் நான். என் மேலாளர் என் குழுவில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒருவரை அனுப்ப முடிவு செய்துவிட்டு, பிறகு என்னிடம் சொன்னார்.

"உங்களுக்குக் கஷ்டம் வேணாம்னுதான். ரொம்ப லாங் ஜர்னி."

"கஷ்டமா இல்லையான்னு என்கிட்ட கேட்டீங்களா சார்?"

"கேட்டா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு..."

"கேக்காததுதான் சார் சங்கடம். இப்ப கேளுங்க."

அவர் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் டிக்கெட் என் பெயருக்கு மாறியிருந்தது.

சக்கர நாற்காலியில் வெளிநாடு போய்வந்த பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். போனில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. அவர்களிடம் யோசனை கேட்டேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் அனுப்பினார்கள். முதல் நாள் மதியத்தோடு தண்ணீரை நிறுத்திவிடு. விமானத்தில் எதையும் தொடாதே. ஜூஸ் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல். ஒருவர், தான் அப்படி இருபது மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததைப் பெருமையாகவே எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்தப் பெருமையில் வளர்ந்தவள்தான். ஆனால் அன்று அதைப் படிக்கப் படிக்க எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை படித்த பெண்கள், இத்தனை பெரிய வேலையில் இருப்பவர்கள், ஒரு டம்ளர் தண்ணீரைக் கண்டு பயந்து நடுங்க வேண்டுமா? அப்போதுதான் முடிவு செய்தேன். இந்தப் பயணம் முழுக்கத் தண்ணீர் குடிப்பேன். தாகம் எடுத்தபோதெல்லாம் குடிப்பேன். மற்றது விமானக் கம்பெனியின் பாடு.

சும்மா வீம்புக்குச் செய்யவில்லை. விமானத்தின் நடைபாதையில் போகிற மாதிரி ஒரு குறுகிய சக்கர நாற்காலி உண்டு. கேட்டால் விமானத்திலேயே வைத்திருப்பார்கள். கழிப்பறை வாசல்வரை அதில் தள்ளிக்கொண்டு போகலாம். இரண்டு விமானத்திலும் அது வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். இருக்கும் என்று பதில் வந்தது. போன் செய்தும் உறுதிப்படுத்திக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் அம்மா என் பையில் பெரியவர்கள் கட்டும் டயப்பர் பாக்கெட் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். எடுத்து வெளியே வைத்தேன்.

"வெக்கப்பட்டா ஆவுமாடி?" என்றார்.

"வெக்கம் இல்லம்மா. வேணும்ன்றவங்க கட்டிக்கட்டும், அது வேற. எனக்கு அடக்கவும் தெரியும், போவவும் தெரியும். போறதுக்கு வழி வெக்கறது அவங்க வேலை."

அம்மா அந்தப் பாக்கெட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். பிறகு சமையலறைக்குப் போய் எனக்குப் புளிசாதம் கட்டுவதற்குப் புளி ஊறவைத்தார்.

விமானம் காலை நேரத்தில். இந்த ஊர் வாடகைக் கார்களில் பின்னால் கேஸ் சிலிண்டர் இருக்கும், நாற்காலி நுழையாது. அண்ணன் கம்பெனி ஒன்றுக்குக் கார் ஓட்டுகிறவன். சிலிண்டர் இல்லாத வண்டி ஒன்றைத் தன் சிநேகிதனிடம் வாங்கிவந்தான். பழைய விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். புதியது ஊரின் அந்தக் கோடியில். ஹெப்பாள் மேம்பாலத்தில் நின்று நின்று போனோம். அண்ணன் பயணிகள் நுழையும் வாசலில் என்னை இறக்கிவிட்டு, "உள்ள போயிட்டு போன் பண்ணு. அதுவரைக்கும் நான் பார்க்கிங்லயே இருக்கேன்," என்றான். என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவன் நிச்சயமாக நம்பியிருந்தான்.

அவன் நினைத்ததில் பெரிய தப்பும் இல்லை. கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"கூட யார் வர்றாங்க மேடம்?"

"யாரும் இல்ல."

அவர் எழுந்துபோய் மேற்பார்வையாளரை அழைத்துவந்தார். கழுத்தில் அட்டை தொங்க, இஸ்திரி கலையாத கோட்டோடு ஒரு மனிதர் வந்தார். குனிந்து, குழந்தையிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தார். இவ்வளவு நீண்ட பயணத்துக்கு நடக்க முடியாதவர்கள் துணையோடுதான் வர வேண்டும், அவசரம் என்றால் யார் உங்களைத் தூக்குவார்கள், எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்றார். அடுத்த வாரம் வீட்டு ஆள் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தால் டிக்கெட்டை மாற்றிக் கொடுப்பாராம்.

"தனியா போறேன்னு டிக்கெட் போடும்போதே சொல்லியாச்சு சார். நாற்காலி வேணும்னு கேட்டதுக்கு உங்க ஆபீஸ் சரின்னு பதில் குடுத்திருக்கு. துணை இல்லன்னு என்னை எறக்கிவிட விதி இல்ல. எனக்கு விதி தெரியும்."

அவர் சிரித்தார். பிறகு இந்த ஊரின் மந்திரத்தைச் சொன்னார்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொளி மேடம்." கொஞ்சம் அனுசரித்துக்கொள்ள வேண்டுமாம்.

நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர். கன்னடம் எனக்குத் தமிழ் மாதிரிதான். கன்னடத்திலேயே பதில் சொன்னேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அட்ஜஸ்ட் செய்துகொண்டுதான் இருக்கிறேன், இன்றைக்கு ஒரு நாள் நீங்கள் செய்யுங்கள் என்றேன். பக்கத்து வரிசையில் பெட்டியோடு நின்ற ஒரு அம்மாள் உரக்கச் சிரித்துவிட்டார். மேற்பார்வையாளரின் முகம் சிவந்தது.

"ஏத்த முடியாதுன்னா என்ன செய்வீங்க?" என்றார், இந்த முறை குழைவு இல்லாமல்.

"ஏத்த முடியாது, இன்ன காரணம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாங்கிட்டுப் போயிடறேன். ஆனா அது வர்ற வரைக்கும் இங்கியேதான் இருப்பேன்."

சொல்லிவிட்டு நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நான் தைரியசாலி என்று அவர் நினைத்திருக்கலாம். உண்மையில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவர் ஜெயித்துவிடுவார் என்பதால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவரைப் பார்த்துக்கொண்டே மடமடவென்று பாதி குடித்தேன்.

அவர் யாருக்கோ போன் செய்தார். அந்தப் பக்கத்து ஆளிடம் அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முடிவில் கவுன்டர் பெண்ணிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். எழுதிக் கையெழுத்துப் போட அவரால் முடியவில்லை. அந்தப் பெண் போர்டிங் பாஸை நீட்டும்போது மெதுவாகத் தமிழில் சொன்னார்: "நல்லா கேட்டீங்க மேடம்." அதை முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "உள்ள வுட்டுட்டாங்களா?" என்று மூன்று முறை கேட்டான்.

முதல் விமானம் நன்றாகவே போனது. குறுகிய நாற்காலி இருந்தது, ஒரு முறை பயன்படுத்தினேன். வளைகுடாவில் இறங்கி, அம்மாவின் புளிசாதத்தைச் சாப்பிட்டேன். பிறகு என் நாற்காலியை வாசலில் வாங்கிக்கொண்டு, பெரிய விமானத்தில் என்னைத் தூக்கி உட்காரவைத்தார்கள். நடைபாதை ஓர இருக்கை. எதிரே இருந்த திரையில் எங்கள் விமானத்தின் படம், போக வேண்டிய தூரம், மீதமுள்ள நேரம். இருட்டே வராத பயணம் அது. ஜூன் மாதம், வடக்கே போகப் போகச் சூரியன் கூடவே வந்தது. ஆனாலும் ஜன்னல்களை மூடி, விளக்கை அணைத்து, எல்லாரையும் தூங்க வைத்தார்கள்.

நான் தண்ணீர் குடித்தேன். ஆரஞ்சு ஜூஸ் குடித்தேன். காபி வந்தது, அதையும் குடித்தேன். பிறகு பணிப்பெண்ணைக் கூப்பிட்டு நாற்காலி கேட்டேன். சின்னப் பெண். போய்த் தேடிவிட்டு வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார்.

"ஸாரி மேம். இந்த விமானத்தில் அந்த நாற்காலி இல்லை."

இருக்கும் என்று சொன்னார்களே என்றேன். அவருக்குத் தெரியவில்லை. வேண்டுமானால் டயப்பர் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கட்டுமா என்று கேட்டார். இறங்கும்வரை சமாளிக்க முடியுமா என்றும் கேட்டார். திரையைப் பார்த்தேன். ஒன்பது மணி நேரம் மீதம் இருந்தது. திரையில் எங்களுக்குக் கீழே ரஷ்யாவோ பின்லாந்தோ, ஏதோ பெயர் தெரியாத ஏரிகள்.

ஒரு கணம் பழைய பயம் வந்தது. குழுவில் இருந்த பெண்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது. அம்மா வைத்த பாக்கெட் நினைவுக்கு வந்தது. பிறகு நடைபாதையைப் பார்த்தேன். தரை. நீளமான, குறுகலான, கம்பளம் விரித்த தரை. எங்கள் வீட்டு ரேழியைவிட அகலம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். தரையில் நகர எனக்கு யார் கற்றுத்தர வேண்டும்?

துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டேன். கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு, இருக்கையிலிருந்து தரையில் இறங்கினேன்.

"மேம், ப்ளீஸ், வேண்டாம்," என்று பதறினார் பணிப்பெண். "யாராவது பார்த்தால்..."

"பார்க்கட்டும்," என்றேன். "பார்க்கத்தான் வேணும்."

கையூன்றி நகர ஆரம்பித்தேன். வெளியே நீட்டியிருந்த பாதங்களை ஒவ்வொன்றாகத் தட்டி, எக்ஸ்கியூஸ் மீ என்றேன். தூக்கத்திலிருந்து விழித்தவர்கள் மேலே தேடினார்கள், பிறகு கீழே பார்த்தார்கள். சிலர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார்கள். தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் என்னைத் தூக்குவதற்கு எழுந்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். புரிந்துகொண்டு, தன் முன்னால் கிடந்த பையை மட்டும் நகர்த்தி வைத்தார். அந்த மனிதரை நான் மறக்கவில்லை. இன்னொருவர் போனை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினார். "கீழ வெய்யா போனை!" என்று தமிழில் கத்தினேன். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் வைத்துவிட்டார்.

பணிப்பெண் அதற்குள் எனக்கு முன்னால் ஓடியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கழிப்பறைத் தரையைத் துடைத்து, ஒரு சுத்தமான போர்வையை விரித்து வைத்திருந்தார். உள்ளே கைப்பிடிக் கம்பி இருந்தது. என் கைகளுக்குப் பலம் உண்டு. மற்றதை நான் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்கு ரொம்ப அவமானமாக இருக்கிறது மேம்," என்றார்.

"அவமானம் உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல," என்றேன் ஆங்கிலத்தில். "நாற்காலியை ஏத்தாதவங்களுக்கு. இதை உங்க ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?"

தயங்கினார். பிறகு எழுதுவதாகச் சொன்னார்.

இருக்கைக்குத் திரும்பி இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். அவர் கொடுத்துவிட்டு என்னையே பார்த்தார். இறங்குவதற்கு முன் மறுபடி போனேன். இந்த முறை நடைபாதையில் ஒரு காலும் நீட்டியிருக்கவில்லை.

டொராண்டோவில் இறங்கியதும் எல்லாரும் போய்விட்டார்கள். என் நாற்காலியை விமான வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பதிலாக, யாரோ தள்ளினால்தான் நகரும் பெரிய நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். என்னுடையது தவறுதலாகப் பெட்டிகளோடு போய்விட்டதாம். இதில் ஏறிக்கொள்ளுங்கள், கீழே போய் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். என் கால்களைப் பெட்டியோடு அனுப்பிவிட்டு வேறு யாருடைய கால்களிலோ என்னை நடக்கச் சொல்கிறார்கள். முடியாது என்றேன். சுத்தம் செய்கிறவர்கள் வந்து என்னைச் சுற்றிக் குப்பை அள்ளினார்கள். விமானி வெளியே வந்து ஏதோ கேட்டுவிட்டுப் போனார். அரை மணியோ முக்கால் மணியோ கழிந்து என் நாற்காலி வந்தது. ஒரு பக்கத்துக் கால்தாங்கி வளைந்திருந்தது. ஏறி உட்கார்ந்து நானே தள்ளிக்கொண்டு போனேன்.

ஆறு வாரம் வேலை செய்தேன். வேலை ஒழுங்காக முடிந்தது. விமானக் கம்பெனிக்கு நடந்ததை முழுதாக எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. அந்தச் சின்னப் பெண் தன் அறிக்கையில் எழுதியிருந்தார் என்பது அதிலிருந்து தெரிந்தது. கால்தாங்கியைச் சரிசெய்து கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது இரண்டு விமானத்திலும் குறுகிய நாற்காலி இருந்தது. பெங்களூரு கவுன்டரில் நின்ற கோட்டுக்காரரைப் பற்றி மட்டும் அந்தப் பதிலில் ஒரு வார்த்தை இல்லை.

அண்ணன் கூட்டிப்போக வந்தான். ஹெப்பாளில் வண்டி நின்றபோது, முன்னால் சாலையைப் பார்த்தபடியே, "அதுக்கு... இன்னா பண்ண?" என்றான். ஒன்று விடாமல் சொன்னேன். போன் பிடித்த ஆளைப் பற்றிச் சொன்னதும் ஸ்டியரிங்கைக் குத்தினான். ஹாரன் அலறியது. முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து எங்களைத் திட்டினார்.

அலுவலகத்தில் இந்தக் கதை எப்படியோ பரவியது. என்னைப் பார்த்தால் ஊக்கமாக இருக்கிறதாம். தடைகளைத் தாண்டுவது எப்படி என்று எல்லாருக்கும் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று மேலாளர் கேட்டார். பேசுகிறேன் சார், ஆனால் தாண்டியதைப் பற்றி அல்ல, தடையை வைத்தது யார் என்பதைப் பற்றிப் பேசுகிறேன், நம் மூன்றாவது மாடிக் கழிப்பறைக் கதவிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அந்தக் கூட்டம் நடக்கவில்லை. கதவை மட்டும் மாற்றிவிட்டார்கள். இப்போது அது வெளிப்பக்கமாகத் திறக்கிறது, நாற்காலியோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட முடிகிறது.